கம்பனி முறிந்தால் பங்குக்காரருக்கு என்ன மிஞ்சும்? கடனுக்கு எங்கள் வீட்டைப் பிடிப்பார்களா?

வீட்டுக்குப் பயமில்லை. வரையறுத்த (லிமிட்டெட்) கம்பனியில் பங்கின் விலையை முழுதாகக் கட்டியிருந்தால் உங்கள் பொறுப்பு அதோடு முடிந்தது. கட்டாமல் பாக்கி விட்டிருந்தால் மட்டும் அதைக் கேட்பார்கள்.

போட்ட காசு திரும்புமா என்பதுதான் கவலைக்குரியது. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி கம்பனியைக் கலைக்கும்போது பங்குக்காரர் வரிசையின் கடைசியில். சொத்து விற்று 100 மில்லியன் ரூபா வந்தது என்று வையுங்கள். ஈடு பிடித்த வங்கிக்கு 70. கலைப்புச் செலவு, சம்பளப் பாக்கி, ஊழியர் சேமலாப நிதி, வரி எல்லாமாக 15. மிச்சம் 15, சரக்குக் கொடுத்தவர்களுக்கோ 30 கடன். அவர்களுக்கே ரூபாவுக்கு 50 சதந்தான். சாதாரண பங்குக்கு ஒன்றுமில்லை.

ஆனால் சந்தையில் பங்கின் வியாபாரம் இடைநிறுத்தப்பட்டது வேறு, கம்பனியின் கலைப்பு வேறு. அதனால், சந்தையில் பட்டியலிட்ட கம்பனி என்றால் கொழும்புப் பங்குச் சந்தையின் அறிவித்தலை முதலில் வாசியுங்கள். "மலிவாய்க் கிடக்கு" என்று மேலும் வாங்காதீர்கள்.