கடித்த நாய் எங்கே? வெறிநாய்க்கடி பற்றிய கேள்வி பதில்

பினாங்கில் கால்நடை நோய்க் கண்காணிப்பு வேலையில் பல ஆண்டுகள் அலைந்தவன் நான். தெரிந்தவற்றைச் சொல்கிறேன். மனிதருக்கான வைத்தியம் என் துறை இல்லை, அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா: ஐயா, நேற்று என் மகனைத் தெருநாய் கடித்துவிட்டது. டாக்டரிடம் காட்டி ஊசி போட்டாகிவிட்டது. நாயை ஆட்கள் அடித்துக் கொன்று புதைத்துவிட்டார்கள். அதற்கு வெறி இருந்ததா என்று இனி எப்படித் தெரியும்?

மகனை உடனே கொண்டு போனது நல்ல காரியம் அம்மா. டாக்டர் சொன்ன தேதிகளில் ஓர் ஊசியைக்கூட விடாதீர்கள். நாயைப் பற்றி மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் இன்றே சொல்லுங்கள். தோண்டி எடுப்பதா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

உயிரோடு இருக்கும் நாயின் ரத்தத்தை எடுத்து இந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, அங்கே பெருகி, பிறகுதான் எச்சிலுக்கு வருகிறது. அதனால் செத்த நாயின் மூளையில்தான் விடை இருக்கிறது. மூளைத் தண்டிலிருந்தும் சிறுமூளையிலிருந்தும் துளி எடுத்து, ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை அதன்மேல் விடுவார்கள். கிருமி இருந்தால் நுண்ணோக்கியில் பச்சையாக மின்னும். ஈப்போவில் உள்ள கால்நடை ஆய்வுக் கழகத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. ஆனால் தலை சிதையாமல், ஐஸில் வைத்து, சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். கட்டையால் மண்டையை உடைத்தால் விடையும் சேர்ந்து உடைந்துவிடும்.

நாய் உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. கட்டிவைத்து 10 நாள் பார்ப்போம். எச்சிலில் கிருமி வந்த நாய் சில நாளில் நோய் கண்டு செத்துவிடும். 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். எனவே கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள்.

பிறையிலிருந்து ஒருவர்: தொப்புளைச் சுற்றி 14 ஊசியாமே?

அது பழைய காலத்து மருந்து. இப்போது கையில்தான் போடுகிறார்கள், எண்ணிக்கையும் மிகக் குறைவு.

சுங்கை பட்டாணியிலிருந்து ஒருவர்: தொப்புள் ஊசிக்குப் பயந்து அப்பா ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்.

மேலே சொல்லிவிட்டேன். தொப்புளில் இல்லை, கையில். அதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மருத்துவம் படிக்கும் தம்பி: மனிதர்களிடம் இதை எப்படி உறுதி செய்கிறார்கள்?

எச்சில், முதுகெலும்பு நீர், பிடரியில் மயிர்க்காலோடு எடுத்த சிறு தோல் துண்டு ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஒரு தடவை இல்லை என்று வந்தால் போதாது, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். பல நாடுகளில் மூளைக்காய்ச்சல் என்று எழுதி மூடிவிடுவதால் உண்மையான எண்ணிக்கை தெரிவதில்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள் என்பதே ஒரு கணிப்புதான். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

ஆனால் தம்பி, மனிதரிடம் நோய் உறுதியாகும்போது நாம் தோற்றுவிட்டோம். அறிகுறி வந்தபின் பிழைத்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர். கண்காணிப்பு கடிபட்ட அன்றே தொடங்க வேண்டும். ஆஸ்பத்திரி கால்நடை அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்லும். நாங்கள் நாயைத் தேடிப் போவோம். அது வேறு யாரைக் கடித்தது, எந்த நாய்களோடு சண்டை போட்டது என்று வீடு வீடாகக் கேட்போம். ஆஸ்பத்திரிக்கே போகாத இன்னும் இரண்டு பேர் அப்படித்தான் கிடைப்பார்கள். அந்த ஓர் அழைப்பு அவர்கள் உயிரைக் காக்கும்.

ஜெலுத்தோங் அண்ணன்: எதற்கு இவ்வளவு? தெருநாய்களை ஒழித்துவிட்டால் நோயும் ஒழியும்.

ஆயர் ஈத்தாம் சகோதரி: 2015ல் அதைச் செய்யப் போய் என்ன நடந்தது என்று மறந்துவிட்டீர்களா அண்ணே?

இருவரும் மாறி மாறி எழுதியதில் மற்றவர்களின் கேள்விகள் கீழே போய்விட்டன. விஷயம் பெரியது, அதனால் பதில் சொல்கிறேன்.

மலேசியத் தீபகற்பம் 2012ல் வெறிநோய் இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2015ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் தலைகாட்டியது. அந்த செப்டம்பரில் பினாங்கு மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்தது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது, பிள்ளை பெற்றவர் அப்படித்தான் பேசுவார். ஆனாலும் சகோதரி பக்கம்தான் நியாயம். கொன்ற இடம் காலியாக இருப்பதில்லை, பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்பிலிருந்து) ஊசி போடாத நாய்கள் வந்து நிறையும். ஆட்கள் தங்கள் நாய்களை ஒளித்துவைப்பார்கள், கடித்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். நமக்குக் கிடைக்க வேண்டிய தகவல் அங்கேயே நின்றுவிடும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவை விடாமல் காத்தால் நோய் பரவ வழி இல்லாமல் போகும். தாய்லாந்து எல்லை ஓரம் நாய்களுக்கு ஊசி போட்டு வேலி கட்டியதும் இதே கணக்கில்தான். சரவாக்கில் 2017ல் தொடங்கிய பரவல் 50க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோய்விட்டது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று யாரும் எண்ண வேண்டாம்.

பாலிக் புலாவ் வாசகர்: அணில் கடித்தது, பயமாக இருக்கிறது.

அணில், எலியிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் வருவது அரிதிலும் அரிது. காயத்தைக் கழுவி, கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்னொருவர்: தாவரவியல் பூங்காவில் குரங்கு கீறிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குரங்குக்கு வேறு கிருமியும் உண்டு.

கெப்பாளா பத்தாஸ் பாட்டி சார்பில் பேத்தி: மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்கலாமா?

வேண்டாம். மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சவர்க்காரம் போட்டு ஓடும் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்து.

நிபோங் தெபாலிலிருந்து: என் நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பார்க்காமல் நான் சொல்ல முடியாது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: கடித்து நான்கு நாள் ஆகிறது. காயம் ஆறிவிட்டது. நாய் எங்கே போனது என்று தெரியவில்லை. இனிமேல் போய்ப் பயன் உண்டா?

உண்டு. காயம் ஆறுவதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. அறிகுறி வர பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், அதற்குள் ஊசி வேலை செய்யும். நாயின் நிறம், கடித்த இடம், நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். நாயை நாங்கள் தேடிக்கொள்கிறோம். நீங்கள் இப்போதே கிளம்புங்கள்.