தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 6 ஆண்டுகளாக உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். 3 லைன்களும் ஏறத்தாழ 120 பேரும் என் பொறுப்பு. சென்ற மாதம், சாயப் பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக வந்த துணி கட்டிங்கில் கலந்துவிட்டதால், உடம்பு ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக 1,400 டி-சர்ட்டுகள் தைக்கப்பட்டுவிட்டன. செக்கிங் மேசைக்கு வந்த பிறகே எனக்குத் தெரிந்தது. இரவெல்லாம் உறக்கமில்லை; மறுநாள் மாலைதான் முதலாளியிடம் சொன்னேன்.

கை பூட்டும் ஓவர்லாக் டெய்லர்களுக்கோ முதல் நாளே தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டேன். மூத்த டெய்லர் ஒருவர் மட்டும், “சொன்னா திட்டு விழுமுங்க சார், மிசினை நிறுத்துனா பீஸ் போயிருமுங்க” என்றார். வாரந்தோறும் கூட்டம் நடத்துகிறேன், புகார்ப் பெட்டியும் வைத்திருக்கிறேன். ஒருவரும் வாய் திறப்பதில்லை. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களில் பலர் திரும்புவதும் இல்லை. இவர்களுக்கு நிறுவனத்தின் மீது பிடிப்பே கிடையாதா, குறை என்னிடமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது. முதலாளியிடம் மறுநாள் மாலைதான் சொன்னீர்கள். அந்த ஓர் இரவும் பகலும் உங்கள் வாயைக் கட்டிப்போட்டது எதுவோ, அதுவேதான் ஓவர்லாக் மிசின் முன்னால் அமர்ந்திருந்தவர்களையும் தடுத்திருக்கிறது. உங்களுக்கு மாதச் சம்பளம், அவர்களுக்குத் தைத்துத் தரும் ஒவ்வொரு பீஸுக்கும் கூலி என்ற பீஸ் கணக்கு என்பதால், அவர்களுக்கு நட்டம் உடனடியானது.

அந்த மூத்த டெய்லர் இரண்டு காரணங்களைச் சொன்னார். மேலாளர்கள் பொதுவாக முதலாவதை மட்டும் காதில் வாங்கி, இனித் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பார்கள். இரண்டாவதுதான் கனமானது. நிறம் மாறியிருப்பதாகச் சந்தேகப்படும் பண்டிலை, அதாவது வெட்டிய துணிக் கட்டை, தனியே எடுத்து வைக்கும் உரிமையை டெய்லருக்கே கொடுங்கள்; அடுத்த பண்டில் வரும்வரை அவர் காத்திருக்கும் நேரத்துக்கு, அவருடைய அன்றாடச் சராசரிப்படி கூலி போடுங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் பழுதைக் கண்ட தொழிலாளி எவரும் உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுக்கலாம், உடனே குழுத் தலைவர் வந்து பார்ப்பார் என்ற ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. உங்கள் லைனில் அப்படி வர வேண்டியவர் சூப்பர்வைசர். அவர் என்ன முகத்தோடு வருகிறார் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

இதைத் தொடங்கினால் முதல் சில வாரங்களில் தவறுகள் கூடிவிட்டதுபோலத் தோன்றும், அஞ்ச வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை மறைக்காமல் பேச முடிந்தது என்பதே அவர் அதற்குக் கண்ட விளக்கம்.

பிடிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். மேயர், ஆலன் என்ற உளவியலாளர்கள் 1991இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: விரும்பி இருப்பது, விட்டால் நட்டம் என்று இருப்பது, கடமை என்று இருப்பது. போனஸ் இரண்டாவது வகையை மட்டுமே உண்டாக்கும், கைக்கு வந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். எனவே திரும்பாதவர்களை நன்றியில்லாதவர்கள் என்று எண்ணாதீர்கள்.

புகார்ப் பெட்டியை நான் பெரிதாக நம்புவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உங்கள் லைனில் இருந்தால், வாரக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டதற்கு, அதே இடத்தில் எல்லோரும் கேட்க வருத்தம் தெரிவியுங்கள். அந்த மூத்த டெய்லருக்கு நன்றியும் சொல்லுங்கள். காத்திருப்புக் கூலிக்கு முதலாளியின் அனுமதி வேண்டும், அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். அந்தப் பேச்சையும் மறுநாள் மாலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.