மலையகத் தண்ணீரில் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படியாதது ஏன்?

யாழ்ப்பாணத்தில் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்தது, ஹட்டன் தோட்ட லயத்துக்கு வந்த பிறகு படியவில்லையே, அப்போ இது சுத்தமான தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெள்ளை படிவதும் சுத்தமும் வேறு வேறு விஷயம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடந்து கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கொதித்ததும் அது கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. மலையகத்தில் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறைகள், எளிதில் கரையாது. மழையும் அதிகம். அதனால் ஊற்று நீர் மென்மையானது, கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நுரைக்கும். கடினத்தன்மை, கல்சியம் காபனேற்றுக் கணக்கில், லீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர், 180ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது வழக்கமான கணக்கு. மாத்தளை, திகன பக்கம் சலவைக்கல் படுகைகள் உண்டு, அதுவும் சுண்ணாம்பு வகைக் கல்தான். அங்கே கடின நீர் வரலாம்.

ஆனால் என் கவலை வேறு. பீலியில் வழியும் ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஊற்றுக்கு மேலே மாட்டுக் கொட்டகையோ மலசலகூடக் குழியோ இருந்தால், ஒரு மழை போதும், கலந்துவிடும். பிள்ளைகளுக்குத் தயவுசெய்து கொதிக்கவைத்தே கொடுங்கள். தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். கலங்கலாக வந்தால் முதலில் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடித்து, அப்புறம் அடுப்பில் வையுங்கள்.