பொய் கண்டறியும் சோதனை: படபடத்தால் வேலை போய்விடுமா?

"நேர்முகத் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்து பாலிகிராஃப் சோதனை என்கிறார்கள். யாராவது அதட்டினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு தப்பும் செய்யாத நான் பொய்யன் ஆகிவிடுவேனா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

ஆகலாம். அந்தக் கருவிக்குப் பொய் எது, மெய் எது என்று தெரியாது. கையில் ரத்த அழுத்தப் பட்டை, மார்பைச் சுற்றி மூச்சை அளக்கும் குழாய், விரல் நுனியில் வியர்வையை உணரும் தகடு, அவ்வளவுதான். பிடிபடுவோமோ என்ற பயத்துக்கும் 'என்னையா சந்தேகப்படுகிறார்கள்' என்ற கோபத்துக்கும் கருவி வரையும் கோடு ஒரே மாதிரிதான் எகிறும்.

2003-இல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரையாவது பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக்கினால், கூடவே 1,598 அப்பாவிகளும் மாட்டுவார்கள். ஆனால் சோவியத்துக்கு ரகசியம் விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986, 1991 இரு முறையும் தேறினார். இவ்வளவு தெரிந்தும் ஆள் எடுக்க இதையே கட்டிக்கொண்டு அழுகிறார்களே!

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். கல்லாவில் பணம் காணாமல் போய், 'அந்தப் பணத்தை நீ எடுத்தாயா?' என்று கேட்பது வேறு. அங்கே நடந்த சம்பவம் ஒன்று, கேள்வி ஒன்று. அப்போது சோதனை குருட்டு யூகத்தைவிட மேல். அப்போதும் முழுமையானது அல்ல. வேலைக்கு எடுக்கும்போது சம்பவமே இல்லை. 'எப்போதாவது நேர்மை தவறினீர்களா?' என்று கேட்டால் யாருக்குத்தான் உறுத்தாது?

உண்மையான கண்ணி சோதனைக்குப் பிறகுதான். நடத்துபவர் வெளியே போய்வந்து நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்வார். "இந்தக் கேள்வியில் ஏதோ தெரிகிறது. மனசில் இருப்பதைச் சொன்னால் சரிசெய்துவிடலாம்" என்பார். பழைய அலுவலகத்துப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனதை நீங்கள் சொல்வீர்கள். கோடுகள் சொல்லாததை உங்கள் வாய் சொல்லி, அது அறிக்கையில் ஏறிவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, "இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை" என்று நிறுத்துங்கள்.

'தேறவைக்கிறோம்' என்று காசு பிடுங்கும் ஆட்களிடம் போகாதீர்கள். நாக்கைக் கடி, மூச்சை அடக்கு என்பார்கள். நடத்துபவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். கண்டுபிடித்தால் ஏமாற்றுக்காரர் என்று எழுதிவிடுவார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன், முடிவு யார் கைக்குப் போகும், இதை மட்டும் வைத்து நிராகரிப்பார்களா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் உங்கள் படபடப்பையும் முதலிலேயே சொல்லி, படிவத்தில் பதியச் சொல்லுங்கள்.