மூலை சேராத சதுரங்கள்: போர்வைக்கு முன் ஒரு குஷன் உறை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டிலிருந்து வந்த மகள், 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிய 42 துணித் துண்டுகள் உள்ள கட்டு ஒன்று கொண்டுவந்தாள். பேரப்பிள்ளைக்குப் போர்வை தைக்கலாம் என்று வரிசைக்கு 6 சதுரமாக இரண்டு வரிசை தைத்தேன். ஒரு வரிசை மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. மூலைகள் சேரவே இல்லை. பிரித்து வைத்துவிட்டேன். வீட்டில் ஷ்வேஷ்வே என்ற நீல அச்சுப் பருத்தித் துணியும் இரண்டு மீட்டர் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கலாமா? துவைத்துவிட்டுத் தைக்க வேண்டுமா? சின்னதாக எதில் தொடங்குவது?"

அக்கா, பிரித்து வைத்தது நல்லது. துண்டுகள் வீணாகவில்லை, நீங்களும் பெரிய பிழை எதுவும் செய்யவில்லை. கணக்கைப் பாருங்கள். 6 சதுரம் சேர்ந்த வரிசையில் 5 தையல். ஒரு சென்டிமீட்டரை ஐந்தால் வகுத்தால் தையலுக்கு 2 மில்லிமீட்டர். ஒவ்வொரு தையலும் இரண்டு துணியைத் தின்கிறது, ஆகவே ஒரு துணிக்கு 1 மில்லிமீட்டர்தான். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வரிசையின் முடிவில் ஒரு சென்டிமீட்டராக நிற்கிறது. சட்டையோ ஜாக்கெட்டோ தைக்கும்போது இது கண்ணில் படாது. சதுரத் துண்டு வேலையில் இதுதான் எல்லாம்.

இந்த வேலையில் ஓரத்தில் விடும் இடம் கால் அங்குலம். நம் பழைய தையற்காரர்கள் "இரண்டு நூல்" என்பார்களே, அதே அளவு. அதிலும் ஒரு இழை குறைவாகவே தைக்க வேண்டும். இஸ்திரி போட்டுத் தையலை மடக்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டின் ஓரம் கால் அங்குலம் என்று நம்பிவிடாதீர்கள். இரண்டு சதுரங்களை எடுத்துச் சேர்த்துத் தையுங்கள், இஸ்திரி போடுங்கள், அளந்து பாருங்கள். மொத்தம் சரியாக 9½ அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு புள்ளி ஓரத்துப் பக்கம் தள்ளுங்கள். ஊசி நகராத பழைய மெஷின் என்றால் தட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதை உரசிப் போகும்படி தையுங்கள். 9½ வரும்வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

உங்கள் கட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கக்கூடும். இப்படி வெட்டி வரும் சதுரங்களின் ஓரம் பெரும்பாலும் பல் பல்லாக இருக்கும், நூல் பிசிறாமலிருக்க அப்படி வெட்டுகிறார்கள். ஒரு சதுரத்தை வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். 5 அங்குலம் என்பது பல்லின் நுனியிலிருந்து நுனிவரையா, பள்ளத்திலிருந்து பள்ளம்வரையா? பெரும்பாலும் நுனிக் கணக்குதான். ஒரு துண்டை நுனியிலும் அடுத்ததைப் பள்ளத்திலும் வைத்துத் தைத்திருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டர் அங்கேயே போயிருக்கும். எது சரியாக 5 வருகிறதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேலைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் நாம் சென்டிமீட்டருக்குப் பழகியவர்கள். 5 அங்குலம் என்பது 12.7 சென்டிமீட்டர். கூட ஒரு சதுரம் வெட்டும்போது 12.5 போதும் என்று கை போகும். நான்கு சதுரத்தில் 8 மில்லிமீட்டர் காணாமல் போய்விடும். இந்த வேலைக்கு மட்டும் அங்குல ஸ்கேல் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஷ்வேஷ்வே. எனக்கு மிகவும் பிடித்த துணி. கிழக்கு கேப்பில் ஸ்வெலிட்ஷாவில் உள்ள டா காமா ஆலையில் அச்சாகி வருவது. புதிதாக வாங்கும்போது அட்டைபோல மொடமொடவென்று நிற்கும், கையில் எடுத்தால் ஒரு தனி வாசம். அந்தக் கஞ்சி, அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தபோது துணி கெடாமலிருக்கப் போட்டது என்பார்கள். இன்றும் கஞ்சியோடுதான் வருகிறது. துவைத்தால் கஞ்சி போய்த் துணி மெத்தென்று ஆகும், கூடவே சுருங்கும். அடர் நீலமானால் சாயமும் இறங்கும்.

இதை நான் பட்டே கற்றேன். என் முதல் குஷன் உறையில் துவைக்காத நீல ஷ்வேஷ்வேயையும் பால்வெள்ளைச் சதுரங்களையும் மாற்றி மாற்றி வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. முதல் துவைப்பில் நீலச் சதுரம் ஒவ்வொன்றும் சுருங்கிப் பக்கத்துத் துணியை இழுத்துக்கொண்டது. பால்வெள்ளை எல்லாம் மழைமேகம்போல ஆகிவிட்டது. அன்று நான் அழுதேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இரண்டு பாகம். வெட்டி வந்த சதுரங்களைத் துவைக்காதீர்கள். சின்னத் துண்டு தண்ணீரில் பிசிறும், கோணும், அளவு போய்விடும். ஷ்வேஷ்வேயை வெட்டுவதற்கு முன்பே முழுத் துணியாகக் குளிர்ந்த நீரில் தனியாகத் துவையுங்கள். தண்ணீர் தெளியும்வரை அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அப்புறம் வெட்டுங்கள். துணியின் அகலம் 90 சென்டிமீட்டர்தான். சுருங்கியபின், ஓரக்கரையையும் கழித்து, வரிசைக்கு 6 சதுரம் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். இப்படித் தயார் செய்தால் இரண்டையும் தாராளமாகச் சேர்க்கலாம். கட்டில் சிவப்போ கருநீலமோ இருந்தால், ஈர வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.

எதில் தொடங்குவது? போர்வையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு குஷன் உறை. வரிசைக்கு 4, நான்கு வரிசை, மொத்தம் 16 சதுரம். தைத்தபின் 18½ அங்குலம், குஷனில் ஏறியதும் 18. கடையில் விற்கும் 45 சென்டிமீட்டர் குஷனுக்கு அப்படியே பொருந்தும். 8 சதுரம் கட்டிலிருந்து, 8 ஷ்வேஷ்வேயிலிருந்து எடுத்து, சதுரங்கப் பலகைபோல மாற்றி வையுங்கள். எது வெளிர், எது அடர் என்று குழம்பினால் மேசையில் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் போனபின் கண் ஏமாறாது.

மூலை சேர்வதன் சூட்சுமம் இஸ்திரியில் இருக்கிறது. முதல் வரிசையின் தையல் மடிப்புகளை எல்லாம் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். இரண்டாம் வரிசையில் இடப்பக்கம், மூன்றாவதில் மறுபடி வலம். இரண்டு வரிசைகளை முகத்தோடு முகம் வைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த மடிப்புகள் ஒன்றையொன்று முட்டி, படியில் படி உட்காருவதுபோலப் பதியும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினாலே தெரியும்: மேடு இல்லை, பள்ளம் இல்லை. அந்த இடத்தில் குண்டூசி குத்தித் தையுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். பின்பக்கத்துக்கு ஜிப் வேண்டாம். 18½க்கு 13 அங்குலத்தில் இரண்டு துண்டு வெட்டி, உள்ளே வரும் நீள ஓரத்தை ஒரு அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து நான்கு புறமும் தைத்தால் போதும்.

அது நன்றாக வந்ததும் 9 சதுரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, செய்து பாருங்கள். மூன்றுக்கு மூன்றாகத் தைத்தால் 14 அங்குலச் சதுரம் வரும். நடுவில் இருப்பது ஆக அடர்த்தியான துணியாக இருக்கட்டும். அதை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் நட்டநடுவே வெட்டிவிடுங்கள். தைத்ததை வெட்டவா என்று மனம் பதறும், பரவாயில்லை. 7 அங்குலத்தில் நான்கு துண்டு கிடைக்கும். எதிர்மூலையில் உள்ள இரண்டை மட்டும் தலைகீழாகத் திருப்பி மறுபடி தையுங்கள். ஒரே அளவுச் சதுரங்களாக இருந்தவை பெரிய சதுரம், நீள்துண்டு, குட்டிச் சதுரம் என்று மாறிவிடும். ஏதோ கடினமான வேலைபோலத் தெரியும், ஆனால் தைத்ததெல்லாம் நேர்த்தையல்தான்.

காற்றாடி வடிவம் எல்லோருக்கும் ஆசை. அது மூன்றாவதாக இருக்கட்டும். வெளிர் ஒன்று, அடர் ஒன்று முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரம் வரும். அவற்றை 4½ அங்குலத்துக்குச் சீவிவிடுங்கள், நான்கு சேர்ந்தால் ஒரு காற்றாடி. குறுக்கே வெட்டிய ஓரம் ரப்பர்போல இழுபடும் என்பதால்தான் இதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

பேரப்பிள்ளைப் போர்வை அதற்கப்புறம். 42 சதுரமும் 6க்கு 7 என்று சேர்ந்தால் 27½க்கு 32 அங்குலம், கைக்குழந்தைக்குப் போதுமான அளவு. கட்டிலிருந்து முன்னால் எடுத்தவற்றுக்கு ஈடாகத் துவைத்த ஷ்வேஷ்வேச் சதுரங்களை வையுங்கள். உள்ளே பேட்டிங் எனும் மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பே போதும், உங்கள் ஊர் ஜூலைக் குளிருக்குக்கூட. பின்புறத்துக்கு மென்மையான பழைய பருத்திச் சேலை கிடைத்தால் அதைவிட நல்ல துணி கடையில் இல்லை. அது துவைத்துத் துவைத்துச் சுருங்கி முடித்தது. முடித்த போர்வையை முதல் தடவை குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள். கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் போடுங்கள். அது வெள்ளையாகவே வெளியே வந்தால், அடுத்த முறை குழந்தையின் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாம்.