டொச் காதில் ஏற நாளெடுக்கும், தங்கச்சி

மகனோடு கணவரிடம் சுவிஸில் உள்ள வின்ரர்தூருக்கு வந்து ஒன்றரை வருசமாகிறது, டொச், அதாவது ஜெர்மன் மொழியில், ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் படிகளில் ஏ2 வகுப்பும் முடித்தாயிற்று, ஆனாலும் கடையில் காசாளர் சொல்வது விளங்கவில்லை, கின்டர்கார்டன் போகும் மகன் என்னைவிட நன்றாகக் கதைக்கிறான், எனக்கு மூளை மழுங்கிவிட்டதா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை. வகுப்பில் படிப்பிப்பது எழுத்து டொச், புத்தகத்தில் வரும் பொது ஜெர்மன். வெளியே வந்தால் பஸ்ஸிலும் கடையிலும் சனம் கதைப்பது சுவிஸ் டொச், இங்கத்தைய பேச்சு வழக்கு. ஒலி வேறு, பல சொற்கள் வேறு, இலக்கணமும் கொஞ்சம் வேறு. ஜெர்மனியிலிருந்து வருகிறவர்களே முதல் மாதங்களில் திணறுகிறார்கள். நீங்கள் படித்தது ஒன்று, அன்றாடம் சோதனை நடப்பது இன்னொன்றில்.

இன்றிரவு சுவிஸின் பொதுத் தொலைக்காட்சியான எஸ்ஆர்எஃப்பில் 7.30 செய்தியைப் போட்டுப் பாருங்கள். அது எழுத்து டொச். பாதி தவறினாலும் எங்கே வெள்ளம், எதற்கு வாக்கெடுப்பு என்பதாவது பிடிபடும். செய்தி முடிந்து காலநிலை சொல்ல வருகிறவர் சுவிஸ் டொச்சில் தொடங்குவார். சட்டென்று காது அடைத்த மாதிரி இருக்கும். கடையில் உங்களுக்கு நடப்பதும் அதுதான். ஆனால் அந்தக் காலநிலையை விடாமல் கேளுங்கள். படத்தில் மேகம், மழை, வெப்பநிலை எல்லாம் தெரியும், அதே சொற்கள்தான் தினமும் திரும்பத் திரும்ப வரும். என் காது பழகியது அதில்தான்.

எண்களுக்குத் தனிப் பொறுமை வேண்டும். 24 என்றால் முதலில் நாலைச் சொல்லி, பிறகுதான் இருபதைச் சொல்வார்கள். தலைக்குள் அதைத் திருப்பிப் போடுவதற்குள் பின்னால் நிற்கிறவர் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிடுவார், நமக்கு வேர்க்கும். திரையில் தொகை தெரியும், பார்த்துக் கொடுங்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால் இன்றைக்கும் நான் எழுதித் தரச் சொல்லித்தான் கேட்கிறேன்.

மகனோடு ஒப்பிடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். வின்ரர்தூர் இருக்கும் சூரிச் மாநிலத்துக் கின்டர்கார்டனில் சுவிஸ் டொச்தான் அடிப்படை மொழி என்று 2011இல் மக்களே வாக்களித்து முடிவெடுத்தார்கள். அவன் விளையாட்டிலும் சண்டையிலும் அதையே கேட்கிறான், பிழைவிட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. நீங்களோ வேலை, சமையல் எல்லாம் முடித்து இரவு பத்து மணிக்குக் கொப்பியைத் திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் களைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டாமா? பத்து மணிக்கு ஏறாதது ஞாயிறு காலையில் ஏறும். களைத்த இரவில் கொப்பியை மூடிவிட்டுப் படுங்கள்.

அப்புறம் அந்த சி அனுமதி, அதாவது நிரந்தர வதிவிட அனுமதி பற்றிய பயம். வழமையாகக் கேட்பது பேச்சில் ஏ2, எழுத்தில் ஏ1. குடியுரிமைக்குத்தான் பேச்சில் பி1, எழுத்தில் ஏ2 வேண்டும். அதற்கு உங்களுக்கு இன்னும் வருசங்கள் இருக்கின்றன.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை வாய் திறந்ததுமே "ஹோக்டொய்ச், பித்தெ" (எழுத்து டொச்சில், தயவுசெய்து) என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் முகம் கோணாமல் மாற்றிக் கதைப்பார்கள். பாதியில் கேட்கத்தான் கூச்சமாக இருக்கும்.