புளியாரை என்ற பெயருக்கு என்ன பொருள்? அது காட்டுக் குளோவரா?

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் பூந்தொட்டியிலும் கிணற்றடி ஈரத்திலும் தானாக முளைத்துப் படரும் சிறு செடிதான் புளியாரை. இதய வடிவில் மூன்று சிற்றிலைகளும், ஐந்து இதழ் கொண்ட மஞ்சள் பூவும் இருக்கும்.

பெயரைப் பிரித்தால் புளி, ஆரை. ஆரை என்பது வயல் வரப்பிலும் ஏரிக்கரைச் சேற்றிலும் வளரும் நான்கு சிற்றிலைக் கீரை. தோற்றத்தில் அதை ஒத்து, நாவில் புளிப்பதால் இது புளியாரை. அந்தப் புளிப்புக்குக் காரணம் இலையில் உள்ள ஆக்சாலிக் அமிலம். நிலவேம்பை எண்ணிப் பாருங்கள்: வேம்பைப் போலக் கசப்பதால் வந்த பெயர், அது வேப்ப மரத்துக்கு உறவே அல்ல. இங்கும் அப்படித்தான். ஆரையோ பூக்காத பெரணி இனம்; புளியாரை பூத்துக் காய்க்கிறது. முற்றிய காயைத் தொட்டால் விதைகள் தெறிக்கும். குழந்தைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள், அவ்வளவு அழகு!

துவையலுக்கும் பருப்புக் கடையலுக்கும் இது அருமையான கீரை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் தவிர்ப்பது நல்லது.

மூன்று இலையைப் பார்த்துப் பலர் இதைக் குளோவர் என்கிறார்கள். குளோவர் அவரைக் குடும்பத்துச் செடி, அதன் இலை இப்படிப் புளிக்காது.